மலைச்சாலையில் பழகிய கால்களுக்குக் கொங்கண் கடற்கரை எளிதா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: கோத்தகிரியில் வசிக்கிறீர்கள், ஓராண்டாகத் தேயிலைத் தோட்டத்து மண்சாலைகளில் கிராவல் சைக்கிள் (கரடுமுரடான சாலைக்கென அகலமான டயர் பூட்டியது) ஓட்டுகிறீர்கள், வரும் ஜனவரியில் இரு நண்பர்களுடன் மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாகிலிருந்து கொங்கண் கடலோரமாகவே கோவா வரை, சுமார் 500 கிலோமீட்டரை ஒரு வாரத்தில் ஓட்டி முடிக்க எண்ணியிருக்கிறீர்கள். மலையில் ஓட்டியவனுக்குக் கடற்கரை ஒரு பொருட்டே அல்ல என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்றும், சைக்கிளில் எதை மாற்ற வேண்டும் என்றும் கேட்கிறீர்கள். மலை உங்களுக்குப் பழக்கிக் கொடுத்தவற்றில் எவை அங்கே துணைக்கு வரும், எவை வாரா என்பதே இவ்விரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நான் குன்னூரில் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். குளிர்காலங்களில் இங்கிருந்து சிறு குழுக்களை அந்தக் கடலோரத்துக்கு அழைத்துச் சென்றும் வருகிறேன். எனவே சைக்கிளைப் பற்றியும் சாலையைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். உடலைப் பற்றி நான் சொல்வது பயிற்சியாளர்களிடம் கற்றதும் உடன் வந்தவர்களிடம் கண்டதுமே தவிர, மருத்துவ ஆலோசனை அன்று. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், புறப்படுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

சுருக்கமான விடை: உங்கள் கால்கள் தயார், சைக்கிள் பாதி தயார், உடல் இன்னும் தயாராகவில்லை.

கால்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏறுகிறீர்கள். ஒரே சீரான ஏற்றம், நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து என்ற சரிவு, ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டால் அரவேணு வரும்வரை அதை விட வேண்டியதில்லை. கொங்கணில் இப்படி ஓர் ஏற்றம்கூடக் கிடையாது. அங்கே கடலுக்கு மேலே செம்பாறை மேட்டுநிலங்கள் தட்டையாக எழுந்து நிற்கின்றன. ஆறுகள் அவற்றை வெட்டிக்கொண்டு வந்து கழிமுகங்களாகக் கடலில் சேர்கின்றன. சாலை மேட்டில் ஏறி, சிறிது தூரம் சமமாக ஓடி, அடுத்த கழிமுகத்து மீனவ ஊருக்குச் சரேலென்று இறங்கி, மறுகரையில் மீண்டும் ஏறும். ஒவ்வோர் ஏற்றமும் நூறு மீட்டர் உயரத்தை ஒட்டியதுதான் என்றாலும், சரிவு பல இடங்களில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டும். நாளின் முடிவில் கூட்டிப் பார்த்தால் 1,000 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். நம் மலையில் ஏறி முடித்தவனுக்கு நீண்ட இறக்கம் ஓய்வாக வாய்க்கும். அங்கே இறக்கம் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும்; மூச்சு அடங்குவதற்குள் அடுத்த ஏற்றம் முன்னால் நிற்கும். மலைக்காரர்களின் திட்டம் பெரும்பாலும் குலைவது இந்தக் கணக்கில்தான். ஆகையால் நாளொன்றுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அப்படியானால் 500 கிலோமீட்டர் ஏழு நாளில் அடங்குவது கடினம். ரத்னகிரியிலோ மால்வணிலோ முடித்துக்கொண்டால் குறைவொன்றும் இல்லை.

இதே காரணத்தால் கியர் விஷயத்திலும் தயக்கம் காட்ட வேண்டாம். முன் பற்சக்கரத்தில் 40 பல், பின்னால் உள்ளவற்றில் பெரியதில் 42 பல் என்றிருந்தால் பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பைகளைக் கட்டிக்கொண்டு நூற்றுக்குப் பத்துச் சரிவில் ஏற இதுவே மேல்வரம்பு. முன்னால் இரண்டு பற்சக்கரம் உள்ள சைக்கிள் என்றால் 30க்கு 34 இன்னும் வசதி. இதைவிடக் கனமான கியர் உங்களிடம் இருந்தால், மாற்றுவதற்குச் செலவழிக்க வேண்டிய முதல் பொருள் அதுதான். விளக்குக்கும் பைகளுக்கும் பிறகு பார்க்கலாம்.

இனி உடலுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஜனவரியில் கோத்தகிரியின் பகல் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அதே நாளில் ரத்னகிரியில் 31 டிகிரி. எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் நாம் மிதிக்கும்போது செலவாகும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போவதில்லை. மற்றதெல்லாம் உடலுக்குள் சூடாகவே தங்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவது வியர்வை ஆவியாவதுதான். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மேலே சொன்ன ஏழரை கிலோமீட்டர் வேகத்தில், நிழலில்லாத செம்பாறை மேட்டில் ஏறும்போது, உடலைக் குளிர்விக்கும் எதிர்க்காற்று என்று ஒன்றும் இருக்காது. முழங்கையிலிருந்து வியர்வை ஒழுகிக் கைப்பிடியின் டேப் ஊறிப்போகும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கோத்தகிரியின் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 விழுக்காடுதான். அங்கேயே வாழ்ந்து பழகிய நீங்கள் கடல்மட்டத்துக்கு இறங்கியதும் மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும். முதல் நாள் காலையில் கால்கள் பறக்கும். அந்த உற்சாகத்தில் வேகமாக மிதிப்பவர், வெளியேற்ற முடியாத சூட்டையும் அதே வேகத்தில் உடலுக்குள் சேர்த்துக்கொள்கிறார். பதினோரு மணிக்குத் தலைவலி, பன்னிரண்டுக்குக் குமட்டல், மாலையில் சோறு இறங்காமை, மறுநாள் காலையில் சோர்வு. என்னுடன் வந்த பலசாலிகள் இரண்டாம் நாளில் படுத்துக்கொண்டதெல்லாம் இந்த வரிசையில்தான். மெல்ல ஓட்டியவர்கள் கடைசிவரை வந்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து வெப்பத்துக்கு உடலைப் பழக்குவது. தினமும் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வெப்பத்தில் உழைத்தால், முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே உழைப்புக்கு இதயத்துடிப்பு குறைகிறது. இரண்டு வாரத்தில் வியர்வை முன்னதாகவே தொடங்கி, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. இதில் எனக்கு ஐயமில்லை, விளையாட்டு மருத்துவத்தில் நிலைபெற்ற செய்தி இது. பழக்கத்தை விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பயன் கரைந்துபோவதும் அப்படியே. எனவே நவம்பரில் பழகி ஜனவரியில் போவதில் பொருளில்லை. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், முடிந்த நாட்களிலெல்லாம் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குங்கள். சிறுமுகைப் பக்கம் சமதளச் சாலையில் நடுப்பகலில், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் ஓட்டிவிட்டு, பேருந்திலோ வண்டியிலோ மேலே வாருங்கள். மேட்டுப்பாளையத்து டிசம்பர் வெயில் கொங்கணுக்குச் சமமில்லை; ஆனால் கோத்தகிரிக் குளிரில் மட்டுமே ஓட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தினமும் இறங்க முடியாதவர்கள் வீட்டிலேயே சன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறி இல்லாமல், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னரில் ஓட்டுவதும் பயன் தருகிறது. துணைக்கு ஒருவர் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு என்று எல்லாருக்கும் பொதுவாக ஓர் எண்ணைச் சொல்ல நான் விரும்புவதில்லை, ஏனென்றால் வியர்க்கும் அளவு ஆளுக்கு ஆள் இரண்டு மடங்குகூட வேறுபடும். அளந்து பார்க்கும் வழி எளிது: சவாரிக்கு முன்னும் பின்னும் உடல் எடையைப் பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக ஒரு லிட்டர் பற்றாக்குறை. வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்துக்கொண்டிருப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பையில் இருக்கட்டும், அங்கே கிடைக்கும் கோகம் என்ற புளிப்புப் பழச் சர்பத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதும் நல்லதே. இன்னொன்றை நினைவில் வையுங்கள்: வியர்வை நின்றுபோனால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பின்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சு குழறுவதும், கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொல்வதும், தள்ளாடுவதும்தான் அடையாளம். அந்த நிலையில் ஆளை நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். குளிர்விப்பதை நிறுத்தாமலேயே மருத்துவமனைக்கு வண்டி தேடுங்கள்.

நேரத்தையும் திசையையும் பற்றி இரண்டு சொல். விடியலில் புறப்பட்டு பதினோரு மணிக்குள் நாளின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து வடமேற்குக் காற்று எழும்பும். வடக்கிலிருந்து தெற்கே ஓட்டும் உங்கள் திட்டத்துக்கு அது ஓரளவு முதுகுக்காற்றாகவே அமையும். திசையை மாற்றாதீர்கள்.

இனி டயருக்கு வருகிறேன். 40 மில்லிமீட்டர் அகலம் போதும். காற்று எவ்வளவு என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்குப் பைகளுடன் 32 முதல் 38 பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றழுத்தத்தின் அலகு) என்பது நான் தொடங்கும் இடம், அங்கிருந்து கைப்பழக்கத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. கோத்தகிரியில் 35 வைத்துக்கொண்டு கீழே போனால், வெளிக்காற்றின் அழுத்தம் கூடிவிடுவதால் அளவியில் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும், வெப்பம் 15லிருந்து 32 டிகிரிக்கு ஏறினால் ஏறக்குறைய அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் பகலில் ஒன்றும் தெரியாது. கடலோரத்திலும் விடியற்காலை குளிர்ச்சியாக இருப்பதால், அப்போது டயர் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எனவே காலையில் புறப்படும்போது அளந்து வையுங்கள், நடுப்பகலில் தொட்டுப் பார்த்து மாற்ற வேண்டாம். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால், துளையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றும் சீலண்ட் திரவம் வெப்பத்தில் விரைவில் உலரும். போவதற்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றுங்கள், உதிரி டியூப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் தன்மை உங்களுக்கு ஓரளவு பழக்கமானதே, நம் தோட்டத்துச் செம்மண்ணும் அந்தச் செம்பாறையும் ஒரே வகையான சிதைவில் பிறந்தவை. ஆனால் எஸ்டேட் சாலையில் பாவியிருப்பது உடைத்த கருங்கல் சரளை. கோணல்மாணலாக ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடக்கும். செம்பாறை மேட்டின் மேலே கிடப்பவை இரும்புச்சத்து இறுகி உருண்ட சிறு கற்கள். கெட்டியான பாறைமீது கோலிக்குண்டுகளைக் கொட்டியது போல அவை டயருக்கு அடியில் உருளும். வளைவில் முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் நழுவிவிடும். வளைவுக்கு முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்ப வேண்டும். அதைவிட மோசமானவை படகுத்துறைச் சாய்தளங்கள். ஆகர்தாண்டாவிலிருந்து திகிக்கும், பாக்மண்ட்லாவிலிருந்து வேஷ்விக்கும், தாபோலிலிருந்து தோபாவேக்கும், தவசாலிலிருந்து ஜெய்கட்டுக்கும் வாகனப் படகுகள் செல்கின்றன. தெற்கே போகும் உங்களுக்கு இந்த நான்கும் வழியில் வரும், ஒவ்வொன்றும் நெடுந்தூரச் சுற்றை மிச்சப்படுத்தும். அந்தச் சாய்தளங்களின் கீழ்ப்பகுதி கடல் ஓதம் ஏறும்போதெல்லாம் மூழ்குவதால், சிமெண்டின் மேல் பச்சைப்பாசி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். உலர்ந்தது போலத் தெரிந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் இரும்புக் கிளீட் இருந்தால் நடப்பதிலும் கவனம் தேவை.

சாலையை விட்டு விலகி அந்தத் தட்டைப் பாறைகளின் மேல் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். ரத்னகிரி, ராஜாபூர் பகுதிகளில் அந்தப் பாறைத்தளத்திலேயே பழங்கால மனிதர்கள் யானை, மீன், மனித உருவங்கள் எனப் பலவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். 2022இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அவை சேர்ந்தன. எல்லாவற்றையும் சுற்றி வேலியோ பலகையோ இல்லை. சில கோடுகள் விரலளவு ஆழம்தான். சாய்ந்த வெயிலில் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும். புல்வெளியிலும் சோலையோரச் சதுப்பிலும் டயர் பதிந்த தடம் மழைக்காலத்தில் ஓடையாகிவிடுவதை நம் ஊரில் பார்த்து வருந்துகிற நாம், அடுத்தவர் நிலத்தில் அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்துவிடக் கூடாது. மாந்தோப்புகளின் கல்சுவர்களுக்கு இடையே ஓடும் மண்பாதைகள் வரைபடத்தில் பொதுவழி போலத் தெரிந்தாலும், பல இடங்களில் பூட்டிய கதவில் போய் முடியும். ஜனவரியில் மா பூத்திருக்கும், தோட்டக்காரர்களுக்கு அது பதற்றமான காலம். கேட்டுவிட்டுப் போங்கள், கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

கடற்கரை மணலில் ஓட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓதம் வற்றியபோது ஈர மணல் தார்ச்சாலைபோல இறுகியிருக்கும் என்பது உண்மை, படங்களும் அழகாக வரும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சைக்கிள் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதால் நான் யாரையும் ஓட்ட விடுவதில்லை. உப்புநீர் பட்ட நுண்மணல் செயினின் எண்ணெயோடு கலந்தால் அது தேய்ப்புப் பசையாகிவிடுகிறது. அச்சுகளின் ரப்பர் மூடியைக் கடந்து உள்ளே போன உப்பு, பியரிங் குண்டுகளைச் சில வாரங்களில் துருவாக்கிவிடும்.

மணலில் இறங்காவிட்டாலும் கடல்காற்றின் உப்பு விடாது. சைக்கிள் பாதிதான் தயார் என்று நான் சொன்னது இதனால்தான். நீலகிரிச் சைக்கிள்களில் நான் பார்க்கும் நோய் பிரேக் பேட் தேய்வதும் சேறு அடைப்பதும். கடலோரம் போய்வந்தவற்றில் பார்ப்பது வேறு. அலுமினியச் சட்டத்துக்குள் கார்பன் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) இருந்தால், அல்லது அலுமினியத்தில் இரும்புத் திருகு ஏறியிருந்தால், உப்புநீர் இரண்டுக்கும் நடுவே புகுந்து மின்வேதி அரிப்பை உண்டாக்குகிறது. அலுமினியம் வெண்பொடியாகப் பூத்து, இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. ஆகவே புறப்படுமுன் சீட் போஸ்டைக் கழற்றிப் பொருத்தமான பசையைத் தடவுங்கள்: கார்பன் என்றால் அதற்கென்றே விற்கும் பசை, உலோகம் என்றால் கிரீஸ். பெடல் மரை, தண்ணீர்ப்புட்டித் தாங்கியின் திருகுகள், கிளீட் திருகுகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வையுங்கள். சக்கரக் கம்பிகளை விளிம்பில் இறுக்கும் ஸ்போக் நிப்பிள்கள் பித்தளையா அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியம் என்றால் இப்போதைக்கு மாற்ற வேண்டியதில்லை, ஆனால் திரும்பி வந்ததும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் தங்குமிடத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து உலரவிட்டு, அதன் பிறகே எண்ணெய் விடுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தினால் உப்பை நாமே பியரிங்குக்குள் தள்ளிவிடுவோம்.

பிரேக்கைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். மேட்டுப்பாளையம் சாலையின் குஞ்சப்பனை இறக்கத்தைத் தாங்கிய டிஸ்க் பிரேக்குக்குக் கொங்கணின் குட்டை இறக்கங்கள் சுமையே அல்ல. புதிய பேட் ஒரு சோடியைப் பையில் போட்டுக்கொண்டால் போதும்.

வழியில் யாருக்கேனும் முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ரோஹாவிலிருந்து மங்களூரு அருகிலுள்ள தோக்கூர் வரை 741 கிலோமீட்டர் ஓடும் கொங்கண் ரயில்பாதை கடலுக்கு இணையாக உள்நாட்டில் செல்கிறது; சிப்ளூண், ரத்னகிரி, கூடாள் போன்ற நிலையங்களுக்குக் கடலோரத்திலிருந்து வாடகை வண்டி கிடைக்கும். மும்பை–கோவா நெடுஞ்சாலையில் மட்டும் குறுக்குவழி என்று எண்ணி ஏறிவிடாதீர்கள்; லாரிப் போக்குவரத்துக்கு நடுவே சைக்கிளுக்கு அது இடமில்லை.

புறப்படும் முன் இங்கேயே ஒத்திகை பார்க்க வேண்டுமானால், பைகளை முழுவதும் கட்டிக்கொண்டு சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு நீண்ட பகல் ஓட்டுங்கள். அங்குள்ள ஏற்ற இறக்கம்தான் கொங்கணுக்கு மிக நெருக்கமானது. எஸ்டேட் சாலைகள் தனியார் உடைமை என்பதையும், காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதையும் உங்கள் நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் வேகமாக இறங்குவது எப்போதுமே தவறு; வளைவுகளில் மணி அடித்துக்கொண்டு வாருங்கள்.

திரும்பி வந்ததும் களைப்பில் சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறோம். உப்பு வேலை செய்வது அதன் பிறகுதான். வந்த வாரமே சீட் போஸ்டையும் பெடலையும் கழற்றித் துடைத்து மறுபடி பசையிடுங்கள், சக்கர அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள், கரகரப்பு இருந்தால் திறந்து பார்க்க வேண்டும். சீட் போஸ்ட் இறுகிவிட்டிருந்தால் சுத்தியலால் தட்டவோ குழாய்க்குறடால் முறுக்கவோ கூடாது. ஊடுருவும் எண்ணெயை விளிம்பில் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, இருக்கையைப் பிடித்து இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.